கூதிர்காலத்துக் காதற்படங்கள்

இலையுதிர்காலம் பிறந்ததும், சிற்றூர் ஒன்றில் இருவர் சந்தித்து மனம் ஒன்றுபடும் எளிய காதற்கதைகளைத் தொலைக்காட்சிக்கென்றே படமாக்கி அளிப்பதை அமெரிக்காவில் ஹால்மார்க் நிறுவனம் வழக்கமாகக் கொண்டிருக்கிறது. பருவத்தோடு காதலைப் பிணைக்கும் இந்த ரசனை நமக்குப் புதிதன்று. ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிரைக் காதலர் கூடலுக்குரிய குறிஞ்சியின் பெரும்பொழுதாக நம் இலக்கணம் வகுத்தது. அக்குளிரில் கணவனைப் பிரிந்து வாடும் அரசியின் துயரை நக்கீரர் நெடுநல்வாடையில் 188 அடிகளில் பாடினார்.

ஆயினும் சினிமா வந்தபோது இந்த முறை தலைகீழாயிற்று. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்ற நாள்முதல், கூடாரமே கிராமத்தாரின் திரையரங்காயிற்று. பொழுது சாய்ந்ததும் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு எழும். தரை டிக்கெட்காரர், முன்னிருப்பவரின் தலை மறைக்காதபடி மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் அமர்வார். ஒற்றைக் கருவியாதலால் சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை வரும், முறுக்கும் கடலையும் வலம்வரும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டாலோ மணல் சேறாகும், கூரை ஒழுகும், கொட்டகை படுத்துவிடும். இலக்கியம் காதலுக்கென ஒதுக்கிய பருவத்திலேயே காதற்படத்துக்கு இடமில்லாமற்போனது எனக்குப் பெரிய குறையாகவே தோன்றுகிறது.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தோன்றியபின் அக்குறை மெல்லத் தீர்ந்தது. ஞாயிறு மாலைப் படத்துக்காக, பெட்டி வைத்திருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே கூடும். காற்றில் திரும்பிய ஆன்டெனாவை ஒருவர் மாடியில் நின்று திருப்ப, கீழிருந்து மற்றொருவர் 'தெரியுது, விடு' என்று குரல் கொடுப்பார். 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின், தீபாவளியன்று புதுப்படம் பார்ப்பது பலகாரத்தோடு சேர்ந்த வழக்கமாகிவிட்டது. எனினும், அவை பெரும்பாலும் திரையரங்குக்காக எடுக்கப்பட்ட படங்களே. நம் எழுத்தாளரின் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்கென்றே படமாக்கிய பாலு மகேந்திராவின் 'கதை நேரம்' காட்டிய வழி, தொடர்வாரின்றி நிற்கிறது. ஐப்பசி மழையில் திண்டிவனம் போன்றதோர் ஊரில் நிகழும் காதற்கதையை, ஆண்டுக்கு ஒன்றாயினும், நம் நிலையத்தார் எடுத்தளிக்க வேண்டும். கதைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை.