புதுமணத் தம்பதியர்

புதுமணத் தம்பதியர் என்பது அண்மையில் திருமணம் செய்துகொண்ட கணவன், மனைவி இருவரையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகும். திருமண நாளன்று மணமக்கள் எனப்படுவோர் அந்நாள் கழிந்தபின் இப்பெயரைப் பெறுகின்றனர். இதற்குக் கால வரையறை எதுவும் இல்லை. எனினும் தலைத்தீபாவளி, தலைப்பொங்கல் ஆகியவை நிகழும் முதலாண்டு முழுதும் இவ்வாறு அழைப்பது வழக்கம்.

சொற்பிறப்பு

புது, மணம் ஆகியன தமிழ்ச் சொற்கள். மணம் என்னும் சொல் திருமணம், நறுமணம் ஆகிய இரு பொருளிலும் வழங்குகின்றது. தம்பதி என்பது வடசொல். இதனைத் தம் + பதி எனத் தமிழாகப் பிரிப்பது ஓசையளவில் இயலுமாயினும், இச்சொல் ரிக் வேதத்திலேயே காணப்படுகின்றது. அங்கு 'தம்' என்பது வீட்டையும் 'பதி' என்பது தலைவனையும் குறிக்கும். ஒருமையில் வீட்டுத் தலைவன் என்றும், இருமையில் வீட்டின் தலைவர்களாகிய கணவன் மனைவி என்றும் பொருள்படும். இதற்கு இனமான கிரேக்கச் சொல் 'தெசுப்போட்டெசு' என்பதாகும். தலைவன் எனப் பொருள்படும் அச்சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளில் கொடுங்கோலனைக் குறிக்கும் சொல் தோன்றியது. ஆனால் தம்பதி என்னும் சொல், தலைமை இருவருக்கும் பொது என்னும் பொருளில் நிலைபெற்றது.

தமிழில் இருமை எண் இல்லை. ஆகவே தம்பதி, தம்பதியர், தம்பதிகள் ஆகிய மூன்று வடிவங்களும் ஓர் இணையைக் குறிக்க வழங்குகின்றன. தனித்தமிழில் எழுதுவோர் இணையர் என்னும் சொல்லை ஆள்கின்றனர். சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களிலும் இச்சொல் இடம்பெறுகின்றது. அத்தகைய திருமணங்களுக்கு 1967 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சட்ட ஏற்பு வழங்கியது.

இலக்கியத்தில்

சங்க இலக்கியத்தில் திருமணம் வதுவை எனப்படுகின்றது. அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் திருமண நிகழ்வை விரிவாகக் கூறுகின்றன. சிலப்பதிகாரத்தில் கோவலனின் தாய் புதுமணத் தம்பதியரைத் தனிமனையில் குடியேற்றுவதை மனையறம்படுத்த காதை கூறுகின்றது. வீட்டின் தலைவர்கள் என்னும் சொற்பொருளுக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டாகும். தேனி மாவட்டம் கூடலூர் அருகே மலை மேல் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரை முழுநிலவன்று மட்டும் வழிபாட்டிற்குத் திறக்கப்படுகின்றது.

போடிநாயக்கனூர் வட்டாரத்தில்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஏலக்காய் வணிக நகரமாகும். இங்கு பேச்சு வழக்கில் 'பொண்ணு மாப்பிள்ளை' என்பதே மிகுதி. இவ்வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம் பேசுவோரும் வாழ்கின்றனர். மணமகனைத் தெலுங்கில் பெள்ளிகொடுக்கு என்றும் கன்னடத்தில் மதுமக என்றும் கூறுவர். போடிமெட்டைக் கடந்தால் மலையாள வழக்கான நவதம்பதிகள் என்னும் சொல்லைக் கேட்கலாம். மணவாளன், மணவாட்டி ஆகிய சொற்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. இம்மலைகளில் வாழும் முதுவர் பழங்குடியினரின் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குச் சீப்பு அளிக்கும் வழக்கம் உண்டு.

மணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துவருவர். ஏலக்காய்ப் பறிப்பு ஏறத்தாழ ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை பல சுற்றுகளாக நடைபெறும். ஆதலால் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் அந்த அழைப்பும் பறிப்பின் தொடக்கமும் ஒரே காலத்தில் அமைவதுண்டு.

சட்டமும் பதிவும்

1956 இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. இதனால் மலையின் இருபுறமும் உள்ள தமிழ்க் குடும்பங்களிடையே நிகழும் மணவுறவு மாநில எல்லையைக் கடந்ததாயிற்று. தமிழ்நாட்டில் நடைபெறும் திருமணங்களை 90 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என 2009 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. கேரளத்தில் 2008 ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. புதிய குடும்ப அட்டை பெற, இருவர் பெயரும் பெற்றோரின் அட்டைகளிலிருந்து நீக்கப்பட வேண்டும். எல்லை கடந்து மணம் புரிந்தோர் இதற்கு இரு மாநில அலுவலகங்களையும் அணுக நேர்கின்றது.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 இன்படி, குடும்ப அட்டையைப் பொறுத்தவரை 18 வயது நிறைந்த மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் ஆவார். தனிக்குடும்பமாகும் புதுமணத் தம்பதியரில் மனைவிக்கே அந்நிலை உரியது. வீட்டின் தலைமையை இருவருக்கும் அளித்த பழைய சொல்லின் பொருளோடு இதனை ஒப்பிடலாம்.

இவற்றையும் பார்க்க: தலைத்தீபாவளி, மறுவீடு, சுயமரியாதைத் திருமணம், போடிநாயக்கனூர்