மொட்டை மாடியில் ஒரு கம்பி

வால்வு ரேடியோ காலத்து ஏரியல் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மூங்கில், நடுவே செம்பு வலைப்பட்டை, ஜன்னல் வழியாக இறங்கும் ஒயர். அதற்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டினோம். அது கேட்க மட்டும். பேசுவதற்கு வாங்குவதுதான் ஹாம் லைசென்ஸ்.

என் பேரன் அந்தப் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, "தாத்தா, 80 மீட்டருக்கு ஏரியல் கட்டலாமா?" என்றான். தர்மபுரியில் எங்கள் மனை மூன்று சென்ட். டேப் பிடித்தோம், மூலைக்கு மூலை 53 அடி. அரை அலைக் கம்பிக்கு 130 அடி வேண்டும். நடுவில் காயில் சுற்றிக் குறுக்கலாம், ஆனால் பவரில் ஒரு பங்கு காயில் சூடாகவே போய்விடும். கம்பியை நிமிர்த்திக் கட்டினால் மண்ணுக்குள் நிறைய ஒயர் பதிக்க வேண்டும். நம்மூர்ப் பாறை மண்ணில் கடப்பாரையே இறங்காது!

"40 மீட்டர் போதும்டா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் இந்தக் கதையைச் சொன்னேன்.

சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் 1924-ல் ரேடியோ கிளப் தொடங்கி, சின்ன டிரான்ஸ்மிட்டரில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார். பணமில்லாமல் 1927-ல் நின்றது. 1939-ல் போர் வந்ததும் ஹாம்களின் லைசென்ஸையே சர்க்கார் ரத்து செய்தது. 1942 ஆகஸ்டில் காந்தி கைதானார். சில நாளில் பம்பாயில் ரகசிய காங்கிரஸ் ரேடியோ பேச ஆரம்பித்தது. டிரான்ஸ்மிட்டரைச் செய்து கொடுத்தவர் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம். பேசியவர்களில் உஷா மேத்தாவுக்கு வயது 22. போலீஸ் மோப்பம் பிடிக்கும் என்று வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 12-ம் தேதி பிடிபட்டார்கள். உஷாவுக்கு நான்கு வருட ஜெயில்.

அவர்கள் பேசிய அலை 42.34 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 7.08 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்கு ஹாம்கள் பேசும் அதே 40 மீட்டர் பேண்டுதான். அதன் அரை அலைக்கு 70 அடிக்குள் கம்பி போதும். பம்பாய் வீட்டு மாடியிலும் எப்படியோ சமாளிக்கலாம்.

பையன் மறுபேச்சுப் பேசவில்லை. மாடி நடுவில் இருபது அடிக் குழாய் நட்டு, இரண்டு பக்கமும் 33 அடிக் கம்பியைக் கூடாரம்போல் மூலைகளுக்குச் சரித்தோம். தெருவில் போகும் கரண்ட் லைனை விட்டுத் தள்ளியே கட்டினோம். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "துணி காயப்போட இவ்வளவு உயரமாங்க?" என்றார்.