தாதன் முதல் டேலி வரை: முன்பணத்தின் கதை

கொல்கத்தாவில் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த ஊர் கற்றுக்கொடுத்த சொற்களில் ஒன்று 'தாதன்'. சரக்கு கைக்கு வருமுன் கொடுக்கும் பணம். நம்மூரில் அட்வான்ஸ், முன்பணம் என்கிறோமே, அதேதான். இந்தச் சின்னச் சொல்லுக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது மக்களே.

கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் துணி வாங்கியது இப்படித்தான். முதலில் தாதனி வணிகர்கள் என்ற உள்ளூர் வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுத்தது. அவர்கள் நெசவாளிகளுக்குக் கொடுத்தார்கள். 1753ல் அந்த முறையைக் கைவிட்டு, தன் சொந்த குமாஸ்தாக்களை இறக்கியது. 1757 பிளாசிப் போருக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். முன்பணம் வாங்கிய நெசவாளி வேறு யாருக்கும் துணி விற்கக்கூடாது. விலையும் குமாஸ்தா வைத்ததுதான்.

அவுரி சாகுபடியில் இது இன்னும் மோசம். தோட்ட முதலாளி கொடுத்த தாதனில் முத்திரைத்தாள் செலவு, விதைச் செலவு எல்லாம் கழியும். மீதிக்கு விளைச்சல் ஈடாகாது. பாக்கி அடுத்த வருடத்துக்கு, பிறகு மகன் தலைக்கு! 1859ல் விவசாயிகள் 'இனி அவுரி விதைக்கமாட்டோம்' என்று கிளம்பினார்கள். 1860ல் அமைந்த விசாரணைக் கமிஷனும், தாதன் வாங்கியவன் அதன்பின் சுதந்திர மனிதனாக இருப்பதில்லை என்றே சொன்னது.

பேரேடு ஒரே ஆள் கையில் இருந்தது. எந்தப் பணம் எந்தச் சரக்கில் கழிந்தது என்று விவசாயியால் சரிபார்க்க முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1986ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் டேலி, சின்னக் கடைகளின் பேரேடாக மாறியது. அதில் பில் வாரியாகக் கணக்கு வைத்தால், பணம் கொடுக்கும்போது ஒரு கேள்வி வரும்: இது நியூ ரெஃபா, அகைன்ஸ்ட் ரெஃபா, அட்வான்ஸா, ஆன் அக்கவுண்டா? அவசரத்தில் பலர் கடைசியைத் தட்டிவிடுகிறார்கள். அங்கேதான் வம்பு.

காகித வியாபாரிக்கு 50,000 ரூபாய் முன்பணம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அது செலவும் அல்ல, கொள்முதலும் அல்ல. அவர் பெயரில் பற்று, வங்கியில் வரவு. 'அட்வான்ஸ்' என்று ஓர் எண்ணும் கொடுங்கள். பிறகு 1,20,000க்கு பில் வந்தால் 50,000ஐ அந்த எண்ணோடு கழித்து, 70,000ஐ மட்டும் புதுப் பாக்கியாக வையுங்கள். ஆன் அக்கவுண்டில் கிடந்தால், பில்லைப் பார்த்து முழுத்தொகையையும் மறுபடி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

மார்ச் 31 அன்று சரக்கு வரவில்லையென்றால், அந்த 50,000 உங்கள் சொத்துப் பக்கத்தில் நிற்கவேண்டும். மற்றவர்களுக்குத் தரவேண்டிய பாக்கியில் அதைக் கழித்து மறைக்கக்கூடாது. 2017 ஜூலை 1ல் வந்த ஜிஎஸ்டியிலும் அதே கதைதான். பணம் கொடுத்ததற்காக மட்டும் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. பில்லும் வேண்டும், சரக்கும் கைக்கு வந்திருக்கவேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது சப்ளையரிடம் அவர் பேரேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, உங்களுடையதோடு ஒத்துப்பாருங்கள். அட்வான்ஸ் எந்த பில்லில் கழிந்தது என்ற அந்த ஒரு வரி இரண்டு பேர் ஏட்டிலும் இருக்கட்டும். அவுரி விவசாயிக்குக் கடைசிவரை கிடைக்காதது அந்த வரிதான்.