சிறிய கல்லூரியும் பெரிய ஆடுகளமும்

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் பணி தேடிச் சென்றவர்களுக்கு ஒரு கேள்வி நன்கு பழக்கமானது. "எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்?" என்பதே அது. பெயரைச் சொன்ன பிறகும் கேட்டவர் முகத்தில் அறிந்த குறி ஏதும் தோன்றாவிடில், நம் தகுதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலைமேலேயே விழுகிறது. அக்கேள்வியை எதிர்கொண்டே வாழ்வைத் தொடங்க வேண்டியிருந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன். அவர்கள் அமெரிக்க நாட்டின் சிறிய கல்லூரிகளிலிருந்து தொழில்முறைக் கால்பந்து லீக்கினுள் புகுந்த ஆட்டக்காரர்கள்.

அமெரிக்கர் 'புட்பால்' என வழங்குவது, நாம் அறிந்த, காலால் உதைத்து ஆடும் பந்தாட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியை உடலால் மோதித் தடுத்தும் ஆடும் ஆட்டம் அது. அதன் தொழில்முறை லீக் 1920-ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் தோன்றியது. ஆட்டக்காரரைப் பயிற்றும் பட்டறைகளாக அங்கே விளங்குபவை கல்லூரிகளே. ஆகவே லீக்கினுள் நுழைய விரும்பும் இளைஞன் கல்லூரி ஆடுகளத்திலேயே யார் கண்ணிலாவது பட்டாக வேண்டும்.

அவ்வாறு காண்பதற்கு ஓர் ஒழுங்கு 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் ஏற்பட்டது. பிலடெல்பியா நகரத்துத் தங்கும் விடுதி ஒன்றில் 9 குழுக்களின் உரிமையாளரும் கூடி, கல்லூரி மாணவர்களுள் தமக்கு வேண்டியவரை முறைவைத்துத் தேர்ந்தெடுத்தனர். முந்தைய ஆண்டில் மிகுதியாகத் தோற்ற குழுவுக்கு முதல் முறை. ஆங்கிலத்தில் 'டிராப்ட்' எனப்படும் இதனை நாம் 'முறைத்தேர்வு' எனலாம். அன்று 9 சுற்றுகளில் 81 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முதற்பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கருடையது. நாடறிந்த அந்த ஆட்டக்காரர் லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடாமல் வேறு தொழிலை நாடிச் சென்றார். வாயில் தானே திறந்தும் அவர் நுழையவில்லை. பெயரறியாச் சிறு கல்லூரியில் ஆடியவனுக்கோ வாயில் இருக்கும் திசையே புலப்படாத காலம் அது.

காரணம் எளியது. அந்நாளில் குழுக்கள் பெரும்பாலும் செய்தித்தாள்களையும் பிறர் வாய்ச்சொல்லையும் நம்பியே தேர்வு செய்தன. செய்தித்தாள்கள் எழுதியவையோ பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களைப் பற்றியே. இந்த வழக்கத்திலிருந்து விலகியவர்களுள் முன்னிற்பது லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் குழு. அது எட்டி கோட்டல் என்பவரை ஆட்டக்காரர்களைக் கண்டறிந்து வரும் தேர்வாளராக அமர்த்தியது. பிறர் செல்லாத சிறிய கல்லூரிகளுக்கெல்லாம் அவர் சென்றார். 1951-ஆம் ஆண்டு அக்குழு 19-ஆம் சுற்றில் ஆன்டி ரோபஸ்டெல்லி என்பவரைத் தேர்ந்தது. அவர் படித்தது கனெக்டிகட் மாநிலத்து ஆர்னால்டு கல்லூரி. இரண்டாண்டில் அக்கல்லூரியே வேறொரு பல்கலைக்கழகத்துடன் இணைந்து மறைந்தது. ரோபஸ்டெல்லியோ 14 பருவங்கள் ஆடி, 1971-ஆம் ஆண்டில் ஆட்டத்தின் புகழ் மன்றத்தில் இடம் பெற்றார்.

கறுப்பின மாணவர்களின் நிலை இன்னும் கடினமானது. 1934 முதல் 1945 வரை லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. 1946-இல் தடை நீங்கியபோதும் ராம்ஸ் குழுவில் முதலில் இடம் பெற்ற இருவர் பெரிய பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். தென் மாநிலங்களில் நிறத்தின் பெயரால் பிரித்து வைக்கப்பட்ட கறுப்பினக் கல்லூரிகளோ எவர் கணக்கிலும் சேரவில்லை. லூயிசியானா மாநிலத்துக் கிராம்ப்ளிங் கல்லூரியிலிருந்து பால் 'டாங்க்' யங்கர் 1949-ஆம் ஆண்டில் ராம்ஸ் குழுவில் சேர்ந்தபோதுதான் அத்தகைய கல்லூரியின் மாணவர் ஒருவர் முதன்முறையாக லீக்கினுள் கால் வைத்தார். முறைத்தேர்வில் அவர் பெயரை எவரும் அழைத்திருக்கவில்லை.

அவர் புறப்பட்டபோது பயிற்சியாளர் எட்டி ராபின்சன் கூறிய எச்சரிக்கை பெயர் பெற்றது. யங்கர் தோற்றுத் திரும்பினால், சிறந்தவனையே சோதித்துப் பார்த்தோம், அவனாலும் இயலவில்லை என்று கூறிவிடுவார்கள். அதன்பின் மற்றவர்க்கு வாய்ப்பு எப்போது வருமோ என்பதே அதன் கருத்து. பெரிய பல்கலைக்கழகத்து இளைஞன் தோற்றால் அவன் ஒருவனே தோற்றான். யங்கரின் தோளிலோ ஒரு கல்லூரியின் எதிர்காலமே ஏறியிருந்தது. அவர் 1958 வரை பத்துப் பருவங்கள் ஆடினார். 1941 முதல் 1997 வரை கிராம்ப்ளிங்கில் பணியாற்றி 408 வெற்றிகள் கண்ட ராபின்சனின் மாணவர்களுள் இருநூறுக்கு மேற்பட்டோர் அவரைத் தொடர்ந்து தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்றனர்.

1960-ஆம் ஆண்டில் போட்டி லீக் ஒன்று தோன்றியது. புதிய குழுக்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பழைய குழுக்கள் பாராத இடங்களில் அவை தேடின. 1963-இல் அந்த லீக்கின் முறைத்தேர்வில் முதற்பெயராக அழைக்கப்பட்டவர் கிராம்ப்ளிங்கின் பக் புக்கானன். பழைய லீக்கில் அதே ஆண்டு அவர் பெயர் 19-ஆம் சுற்றில்தான் வந்தது. ஒரே இளைஞர், ஒரே உடல், ஒரே ஆற்றல். மதிப்பு மட்டும் பார்த்த கண்ணுக்கேற்ப வேறுபட்டது.

தற்செயலாகக் கண்ணிற்பட்டு வாழ்வு பெற்றவரும் உண்டு. மிசிசிப்பி தொழிற்கல்லூரி மாணவரான டீக்கன் ஜோன்ஸை, ராம்ஸ் குழுவினர் வேறோர் ஆட்டக்காரரை ஆராய்வதற்காகத் திரைப்படம் பார்த்தபோது கண்டுகொண்டனர் என்று சொல்வதுண்டு. 1961-இல் 14-ஆம் சுற்றில் தேர்வான அவர் 14 பருவங்கள் ஆடினார்; அக்காலத்துத் தடுப்பாட்டக்காரருள் அவரை அஞ்சாதவர் இல்லை.

தற்செயலை முறையாக மாற்றியவர் பில் நன். கறுப்பின மக்களின் செய்தித்தாளான 'பிட்ஸ்பர்க் கூரியர்' ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலை வெளியிட்டு வந்தது. அப்பணியால் அவர் அக்கல்லூரிகளை நன்கறிந்தவர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குழு 1967-இல் அவரைப் பகுதி நேரத்துக்கும், 1969-இல் முழு நேரத்துக்கும் தேர்வாளராக ஏற்றது. 1974-ஆம் ஆண்டில் அலபாமா ஏ அண்டு எம் கல்லூரியின் ஜான் ஸ்டால்வொர்த்தை ஈரத்தரையில் ஓடவிட்டுப் பார்த்த மற்றத் தேர்வாளர்கள் வேகம் போதாதென்று ஊர் திரும்பினர் என்றும், நன் மட்டும் உடல்நலமில்லை எனச் சொல்லித் தங்கி, மறுநாள் உலர்ந்த தரையில் மீண்டும் ஓடச் சொல்லி நேரம் குறித்தார் என்றும் கூறுவர். ஸ்டால்வொர்த் நான்காம் சுற்றில் தேர்வானார். அதே ஆண்டில் தென் கரோலினா அரசுக் கல்லூரியின் டானி ஷெல் முறைத்தேர்வில் இடம் பெறாமலே ஸ்டீலர்ஸ் குழுவில் சேர்ந்தார். இருவரும் 1987 வரை 14 பருவங்கள் ஆடினர். இருவரும் புகழ் மன்றத்தில் உள்ளனர்.

ஜாக்சன் அரசுக் கல்லூரியிலிருந்து 1975-இல் வந்த வால்ட்டர் பேட்டன் 13 பருவங்களில் 16,726 கஜம் பந்தோடு ஓடி, 2002 வரை நிலைத்த சாதனையை ஏற்படுத்தினார். டீக்கன் ஜோன்ஸ் பயின்ற அதே கல்லூரி, மிசிசிப்பி வேலி என்னும் பெயருடன் ஜெரி ரைஸை உருவாக்கியது. கொத்தனாரின் மகனான அவர் இளமையில் தந்தைக்கு உதவியாகச் செங்கற்களை ஏந்திப் பழகியவர். எளிய எதிரிகளை வென்றவர், வேகம் குறைந்தவர் என்று பலர் ஐயுற்றனர். 1985-இல் 16-ஆம் பெயராகத் தேர்வான அவர் 20 பருவங்கள் ஆடி, பந்தைப் பற்றிச் சேர்த்த 22,895 கஜத்தை இன்னும் எவரும் எட்டவில்லை.

இவர்களைக் கண்டதும், சிறிய கல்லூரியினரே நெடுங்காலம் நிலைப்பர் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பிழையானது. கரையேறியவர்களை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தை அளந்துவிட முடியாது. இன்றைய லீக்கில் 32 குழுக்கள் உள்ளன. கோடைப் பயிற்சியில் குழுவுக்கு 90 பேர். பருவம் தொடங்கும்போது 53 பேர். ஆக 2,880 பேரில் 1,184 பேர் முதன்மைப் பட்டியலை இழக்கின்றனர். பயிற்சி அணியில் இடம் பெறும் சிலர் போக, மற்றோர் வீடு திரும்புகின்றனர். உயர்ந்த சுற்றில் வந்தவன் தடுமாறினால், அவன்மேல் செலவிட்ட பொருளை எண்ணியேனும் குழு பொறுத்திருக்கும். தேர்வில் இடம் பெறாது வந்தவனுக்கு ஒரு வாரத் தடுமாற்றமே போதும்.

ஆட்டக்காரனின் சராசரித் தொழில்வாழ்வு 3.3 ஆண்டு என்று ஆட்டக்காரர் சங்கம் கூறி வந்தது. 2011-இல் லீக் நிர்வாகமோ ஏறத்தாழ 6 ஆண்டு என்றது. இரண்டுமே பொய்யல்ல. சங்கம் ஓரிரு ஆட்டத்தோடு மறைந்தவனையும் சேர்த்தது. நிர்வாகம் முதற்பருவத் தொடக்கத்திலேயே பட்டியலில் நின்றவனை மட்டும் எண்ணியது. அந்த முதல் வாயிலைக் கடப்பதில்தான் பெயரில்லாத கல்லூரியின் சுமை அழுத்துகிறது. கடந்தபின் ஒப்புநோக்கக் களம் ஒன்றே. ஓய்வூதிய உரிமைக்கு மூன்று பருவங்கள் வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்தால், மூன்றாம் ஆண்டின் ஒவ்வொரு வாரமும் அவனுக்கு எத்துணை அருமையானது என்பது விளங்கும்.

அவ்வாறு கடந்தவருள் வியத்தகு ஒருவர் லண்டன் பிளெட்சர். விளையாட்டுக்கென உதவித்தொகையே வழங்காத மூன்றாம் பிரிவைச் சேர்ந்த ஜான் கேரல் பல்கலைக்கழகத்திலிருந்து, தேர்வில் இடம் பெறாது, 1998-இல் வந்தவர் அவர். 16 பருவங்களில் ஓர் ஆட்டமும் தவறாமல் தொடர்ந்து 256 ஆட்டங்கள் ஆடினார். சோனோமா அரசுக் கல்லூரியின் லாரி ஆலன் 1994 முதல் 14 பருவங்கள் நின்றார். அவர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோதே அவருடைய கல்லூரி கால்பந்தாட்டத்தைக் கைவிட்டது.

வாயில் மறுபடியும் மாறி வருகிறது. ஒரு காலத்தில் முறைத்தேர்வு 30 சுற்றுகள் நடந்தது. 1994 முதல் 7 சுற்றுகளே. ரோபஸ்டெல்லியின் 19-ஆம் சுற்றும் ஜோன்ஸின் 14-ஆம் சுற்றும் இன்று இல்லை. 2021-ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறி ஆடவும், தம் பெயரால் பொருள் ஈட்டவும் வழி பிறந்தது. ஆகவே சிறிய கல்லூரியில் ஒளிர்பவன் விரைவில் பெரியதற்குப் பெயர்ந்துவிடுகிறான். 2021, 2024 ஆகிய ஆண்டுகளின் முறைத்தேர்வில் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து ஒருவர் பெயரும் அழைக்கப்படவில்லை. 2025-இல் முதற்பெயராக அழைக்கப்பட்ட கேம் வார்டு மயாமி பல்கலைக்கழகத்தவர் என்றே பதிவாயிற்று. பெரிய பல்கலைக்கழகங்கள் பாராது விட்ட அவருக்கு முதலில் களம் தந்து ஈராண்டு ஆடவைத்தது, சான் அன்டோனியோ நகரத்து இன்கார்னேட் வேர்டு என்னும் சிறிய பல்கலைக்கழகம்.

இம்மாற்றத்தால் அந்த இளைஞர்கள் நன்மையே பெறுகின்றனர். அதை எவரும் மறுக்கலாகாது. நட்டமடைவது முதலில் இடமளித்த கல்லூரி. நாளை அங்கே ஒரு சிறுவன் பந்தை ஏந்தும்போது, இக்களத்திலிருந்து சென்றவர் இவர் என்று சுட்டிக் காட்ட ஒரு பெயர் வேண்டும். யங்கரின் பெயரே பின்வந்த இருநூறு பேருக்கும் வழி திறந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், பதிவேட்டில் கேம் வார்டின் பெயருக்கு எதிரே இரண்டு கல்லூரிகளின் பெயரையும் எழுதி வைப்பதே நியாயம் என்று தோன்றுகிறது.