கப்பம் கேட்கும் வைரஸின் கதை: பனாமா தபால் பெட்டியிலிருந்து நம் வீட்டு மேசை வரை



ஒரு வீட்டுக் கணினியில் ரென்சம்வெயார் புகுந்துவிட்டால் நாமெல்லோரும் முதலில் கேட்பது, "இந்த வைரஸை எப்படி எடுப்பது?" என்றுதான். எடுப்பது பெரிய வேலையல்ல. கடையில் கொடுத்து போர்மட் பண்ணினால் போய்விடும். ஆனால் கல்யாணப் படங்களும், மௌத்தாகிப்போன வாப்பாவின் குரல் பதிவும், பிள்ளை மாதக்கணக்கில் செய்த செயற்றிட்டமும் அதோடு சேர்ந்து போய்விடும். கள்ளனைத் துரத்துவது ஒரு வேலை. அவன் பூட்டிவிட்டுப் போன அலுமாரியைத் திறப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நாம் அதிகம் இழக்கிறோம். இந்த வைரஸின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இது விளங்கும்.

1989 டிசம்பர். இன்டர்நெட் வீடுகளுக்கு வராத காலம். லண்டனிலிருந்து சுமார் 20,000 புளொப்பி டிஸ்க்குகள் தபாலில் போயின. ஒரு கணினிச் சஞ்சிகையின் சந்தாதாரர்களுக்கும், உலக சுகாதார ஸ்தாபனத்தின் எயிட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்களுக்கும் அவை கிடைத்தன. எயிட்ஸ் பற்றிய தகவல் என்று டிஸ்க்கின் மேல் எழுதியிருந்தது. போட்டவர்களின் கணினி சாதாரணமாகவே வேலை செய்தது. சுமார் 90 தடவை இயக்கிய பிறகு கோப்புகளின் பெயர்களெல்லாம் குழம்பிப்போய், பனாமாவிலுள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டொலர் அனுப்பச் சொல்லும் அறிவித்தல் திரையில் வந்தது.

இதற்காகக் கைதானவர் ஜோசப் பொப். ஹாவார்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற அமெரிக்க உயிரியலாளர். வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் அவர் இல்லை என்று பிரித்தானிய நீதிமன்றத்தில் முடிவானது.

இதில் நமக்கு முக்கியமானவர் பிரித்தானிய நிபுணர் ஜிம் பேட்ஸ். அவர் அந்த வைரஸைப் பிரித்துப் பார்த்து இரண்டு மென்பொருள்களை இலவசமாகக் கொடுத்தார். ஒன்று, வைரஸை அகற்றுவதற்கு. மற்றது, கோப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கு. முதல் ரென்சம்வெயாருக்கே மருந்து இரண்டாகத்தான் இருந்தது. அந்த மருந்து வரும்வரை பொறுக்காமல், பயத்தில் டிஸ்க்கை முழுதாக அழித்தவர்களும் இருந்தார்கள். கோப்புகளின் உள்ளடக்கம் பூட்டப்படவேயில்லை, பெயர்கள் மட்டும்தான் மாறியிருந்தன என்பது அவர்களுக்குத் தெரியாது.

பொப்பின் பூட்டு பலவீனமானது. பூட்டவும் திறக்கவும் ஒரே திறப்பு. அதுவும் வைரஸுக்குள்ளேயே கிடந்தது. 1996இல் ஆடம் யங், மொட்டி யங் என்ற இரு ஆய்வாளர்கள் இதைவிடப் பயங்கரமான ஒன்று சாத்தியம் என்று எச்சரித்தார்கள். பூட்டுவதற்கு ஒரு திறப்பு, திறப்பதற்கு வேறொரு திறப்பு. இரண்டாவது கள்ளனின் கையிலேயே இருக்கும், நம் கணினிக்கு வரவே வராது.

அந்த எச்சரிக்கை 2013 செப்டெம்பரில் கிரிப்டோலொக்கர் என்ற பெயரில் வீடுகளுக்கு வந்தது. 72 மணித்தியால அவகாசம், சுமார் 300 டொலர் கப்பம், பிட்கொயினிலும் கட்டலாம். அன்டிவைரஸ் போட்டால் வைரஸ் அகன்றது. கோப்புகளோ அப்படியே பூட்டிக் கிடந்தன. அதன் கொடுமையைப் பாருங்கள்: அன்டிவைரஸ் என்னை அழித்துவிட்டால், பணம் கட்டுவதற்காக இந்த இணைப்பில் என்னை மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள் என்று திரையின் பின்னணிப் படத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் 2014இல் பல நாட்டுப் பொலிஸார் சேர்ந்து அந்தக் கும்பலின் வலையமைப்பை முடக்கினார்கள். திறப்புகள் கையில் கிடைத்தன. அவ்வருடம் ஓகஸ்டில் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் அவற்றை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கின. பூட்டிய கோப்புகளை வீசாமல் வைத்திருந்தவர்கள் திறந்துகொண்டார்கள். போர்மட் பண்ணியவர்களுக்குத் திறக்க எதுவும் மிஞ்சவில்லை.

இடையில் 2012இல் இன்னொரு வகையும் பரவியது. பொலிஸ் இலச்சினையோடு திரை முழுவதும் ஓர் அறிவித்தல்: நீங்கள் சட்டவிரோதமான படங்கள் பார்த்தீர்கள், அபராதம் கட்டுங்கள். வெட்கத்துக்குப் பயந்து பலர் கட்டினார்கள். உண்மையில் அது திரையை மறைத்ததே தவிர ஒரு கோப்பையும் பூட்டவில்லை. அகற்றினால் எல்லாம் அப்படியே இருந்தன. நம் வீட்டுக்கு வந்தது எந்த வகை என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

2017 மே 12இல் வந்த வன்னாக்ரை சுமார் 150 நாடுகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது.

நம் போன்ற வீடுகளை அதிகம் பிடித்தது ஸ்டொப் என்ற குடும்பம். டி.ஜே.வி.யூ என்றும் சொல்வார்கள். அது பெரும்பாலும் வந்த வழி, காசில்லாமல் கிடைக்கும் 'கிராக்' மென்பொருள்கள். விளையாட்டு, போட்டோ எடிட்டிங், ஒபிஸ் எதுவானாலும் சரி, "அன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடவும்" என்ற குறிப்போடு வரும். நாமும் நிறுத்துவோம். உடனே விண்டோஸ் அப்டேட் நடப்பதுபோல் ஒரு போலித் திரை. அதன் பின்னால் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். கடைசியில் 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் என்றால் 490 டொலர் என்று ஒரு கடிதம். அடுத்தவர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பது ஹலாலா என்ற கேள்வியை ஒதுக்கினாலும், அந்த 'சும்மா'வின் விலை இதுதான்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2023 ஓகஸ்டில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு இப்படித் தாக்கப்பட்டது. கட்டமைப்பை மீளக் கொண்டுவந்தார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்கு நகல் இருக்கவில்லை. அவை போனது போனதுதான். துரத்துவது வேறு, மீட்பது வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள உதாரணம் இது.

இனி, நம் வீட்டில் இது நடந்தால்:

1. அடையாளம்: படங்களும் ஆவணங்களும் திறக்காது. பெயரின் முடிவில் பழக்கமில்லாத எழுத்துகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு போல்டரிலும் ஒரே கடிதம் கிடக்கும். கோப்புகள் சரியாக இருந்து திரை மட்டும் மறைந்திருந்தால் அது பழைய பொலிஸ் வகை.

2. உடனே வைபையைத் துண்டியுங்கள். பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். நகல் இருக்கும் டிஸ்க்கை அந்தக் கணினியில் அப்போது செருக வேண்டாம், அதுவும் பூட்டப்படும்.

3. போர்மட் வேண்டாம். கப்பக் கடிதத்தையும் அழிக்க வேண்டாம், அதிலுள்ள அடையாள எண் தேவைப்படும். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

4. வேறொரு கணினியிலிருந்து 'நோ மோர் ரென்சம்' தளத்துக்குப் போங்கள். நெதர்லாந்து பொலிஸ், யூரோபோல், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது. கடிதத்தையும் பூட்டிய ஒரு கோப்பையும் கொடுத்தால் எந்த வகை என்று பார்த்து, திறப்பு இருந்தால் இலவசமாகத் தரும். அந்தரங்கமில்லாத கோப்பாகப் பார்த்துக் கொடுங்கள்.

5. பூட்டிய கோப்புகளை வேறொரு வெற்று டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, அதன்பின் வைரஸை அகற்றுங்கள். விண்டோஸ் டிபெண்டரின் ஓஃப்லைன் ஸ்கேன் ஒரு வழி. நகல் எடுத்தாகிவிட்டால் போர்மட் பண்ணி விண்டோஸைப் புதிதாகப் போடுவது இன்னும் நிச்சயம். அகற்றாமல் கோப்புகளைத் திறந்தால் மறுபடி பூட்டும்.

6. ஸ்டொப் வகை, கடவுச்சொற்களைத் திருடும் வைரஸையும் கூட்டி வந்திருக்கிறது. ஆகவே பேஸ்புக், மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

இன்று திறப்பு இல்லையென்றாலும் அந்த டிஸ்க்கைப் பத்திரமாக வையுங்கள். ஸ்டொப்பின் பழைய வகைகள் 148க்கு 2019 ஒக்டோபரில் இலவச மென்பொருள் வந்தது. அது கோப்பின் தொடக்கப் பகுதியை மட்டுமே பூட்டுவதால், பெரிய வீடியோக்களும் குரல் பதிவுகளும் ஓரளவு மீண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. "எல்லாவற்றையும் எடுத்துத் தருகிறேன்" என்று பெருந்தொகை கேட்பவரிடம், முதலில் ஒரு கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கப்பம் கட்டினால் திறப்பு வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வந்தாலும் அந்தக் காசு அடுத்த வீட்டைப் பூட்டத்தான் போகிறது.

1989இலிருந்து இன்றுவரை மீண்டவர்களைப் பார்த்தால், கள்ளன் விட்ட பிழையால் தப்பினவர்கள் சிலர், பொலிஸின் கையில் திறப்பு சிக்கியதால் தப்பினவர்கள் சிலர். அவை இரண்டும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது வேறோர் இடத்தில் ஒரு நகல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லி நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒதுக்குவோம். உம்மா, வாப்பாவின் படங்களை ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி, அலுமாரியில் வைப்போம். கழற்றி வைப்பதுதான் முக்கியம்.

பக்கத்து வீட்டாருக்கும் எத்திவையுங்கள். வஸ்ஸலாம்.