நதிக்கரை நாட்கள்: சேற்றுக்குள் நின்ற வரிசை

1966 நவம்பர் 4. இத்தாலியில் அன்று ராணுவத்தைப் போற்றும் விடுமுறை. விடாமல் கொட்டிய மழையில் ஆர்னோ ஆறு பொங்கி, விடியும் முன்பே பிளாரன்ஸ் நகருக்குள் புகுந்துவிட்டது. ஊருக்கு முறையான எச்சரிக்கை எதுவும் இல்லை. பொன்டே வெக்கியோ பாலத்தின் மேல் இருக்கும் நகைக்கடை முதலாளிகளுக்கு மட்டும் இரவுக் காவலாளி போன் செய்து சொன்னார். அவர்கள் ஓடிவந்து நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சாந்தா குரோச்சே பகுதியின் தரைத்தளப் பட்டறைகளில் பிழைத்த கைவினைஞர்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அங்கேதான் தண்ணீர் 20 அடியைத் தாண்டியது.

வெள்ளம் வடிந்தபோது தெருவெல்லாம் கரிய சேறு. வீட்டைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து, எண்ணெயும் அதில் கலந்திருந்தது. அரசு உதவி வந்து சேர நாளாயிற்று. அதுவரை ஊரைத் தாங்கியது அக்கம்பக்கத்தார்தான். தேவாலயமும் கம்யூனிஸ்டுகளின் மக்கள் மன்றமும் சாதாரண நாளில் எதிரும் புதிருமாக நிற்பவை. அந்த வாரம் இரண்டும் ரொட்டியும் போர்வையும் கொடுத்தன. இந்த வெள்ளத்தில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

ஆற்றை ஒட்டியே தேசிய நூலகம். அதன் அடித்தளத்திலும் கீழ்த்தளத்திலும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் நாளிதழ்களும் நனைந்து ஊறிப்போயின. இயக்குநர் எமானுவேலே கசமஸ்ஸீமா அங்கேயே தங்கிவிட்டார். மாணவர்கள் தாமாக வந்தார்கள்; உள்ளூர்ப் பிள்ளைகள், பிறகு பிற நகரங்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும். படிக்கட்டில் ஆளுக்கு ஒரு படியாக நின்று, சொட்டச் சொட்ட நனைந்த புத்தகங்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். நாற்றம் தாங்காமல் சிலர் நச்சுவாயு முகமூடி மாட்டிக்கொண்டார்கள். இரவில் ரயில் நிலையத்தில் நின்ற பெட்டிகளில் படுத்தார்கள். 'சேற்றின் தேவதைகள்' என்று ஊர் அவர்களைக் கொண்டாடியது.

மேலே வந்த நூலை அப்படியே விட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். தாள்களுக்கு நடுவே மரத்தூளைத் தூவினார்கள். மையொற்றும் தாளைச் செருகினார்கள். பிறகு லாரிகளில் ஏற்றி, புகையிலை உலர்த்தும் கொட்டகைகளுக்கு அனுப்பினார்கள். புகையிலை விவசாயியின் சூட்டறையில் பல நூற்றாண்டுப் பழமையான நூல்கள் காய்ந்தன.

காய்ந்ததைக் கழுவித் தைத்துக் கட்டும் வேலை அடுத்து வந்தது. அதற்காக இங்கிலாந்திலிருந்து வந்த பைண்டர்களில் ஒருவரான பீட்டர் வாட்டர்ஸ், பின்னாளில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் நூல் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பிளாரன்ஸிலோ, அரை நூற்றாண்டு கடந்த பிறகும் சீரமைக்க வேண்டிய நூல்கள் மிச்சம் இருந்தன.

(தொடரும்)