கேட்டல் என்னும் வினை

கல்வியியலில் இன்று பரவலாகப் பேசப்படும் 'முனைந்து கேட்டல்' என்னும் கருத்துக்குப் பெயரளித்தது, கார்ல் ரோஜர்சும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் வெளியிட்ட சிறுநூல். ஆயின் கேட்டலை வினையாகக் கருதிய மரபு இந்தியாவில் மிகப் பழையது. பிருகதாரணியக உபநிடதம் கேட்டலுக்குப் பின் சிந்தித்தலையும் ஆழ்ந்து தெளிதலையும் வைத்தது. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் கணக்கே வகுத்தது: ஆசிரியர் உரைப்பதை முற்றக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கு, உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை.

இம்மரபைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தை மறத்தலாகாது. வேதத்தைக் கேட்கத் துணியும் சூத்திரனின் செவியில் ஈயத்தையோ அரக்கையோ உருக்கி ஊற்றப் பணித்தது கௌதம தர்மசூத்திரம். 1856இல்கூடத் தார்வாட் அரசுப் பள்ளியில் மகர் சிறுவன் ஒருவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. கேட்டல் திறன் மட்டுமன்று. மறுக்கப்பட்ட உரிமையும் ஆகும்.

அடுத்த ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்தும் அமைப்புகளாகத் தோன்றின. எழுத்துத்தேர்வு பள்ளிகளுக்கும் அளவுகோலாயிற்று. கதவு மெல்லத் திறந்த காலத்திலேயே, வகுப்பறைக் கேட்டல் வாய்மூடி அமர்தலாகச் சுருங்கியது.

எனவே இன்று பள்ளிகளில் கேட்டலைக் கற்பிப்பது, பிள்ளைகளை அமைதிப்படுத்தும் உத்தியாக நின்றுவிடலாகாது. நன்னூற் கணக்கின்படி கல்வியின் முக்காற்பங்கு ஆசிரியர் குரலுக்கு வெளியே நிகழ்கிறது. அந்த முக்காலுக்குப் பாடவேளையில் இடம் வேண்டும். அவ்விடம் முன்பு செவி மறுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கும், வினவும் உரிமையோடு, கிட்ட வேண்டும்.